மாதவிடாய் நின்ற பிறகு கால்சியம்: சாப்பாடு போதுமா, மாத்திரை வேண்டுமா?

லாஸ்பேட்டை டயட்டீஷியன்:
45 வயதைத் தாண்டிய பெண் மூட்டு வலி என்று சொன்னாலே, "கால்சியம் மாத்திரை ஒண்ணு போட்டுக்கோங்க" என்பது புதுவையில் வழக்கமாகிவிட்டது. பலருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த அளவு பெரியவர்களுக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்றவர்களுக்கு 1200 மி.கி. இதை அடுப்படியிலேயே எட்டலாம்:

டீ, காபியில் சேர்வதையும் கூட்டி, ஒரு நாளைக்குப் பால் 300 மி.லி. என்றால் 360 மி.கி. தயிர் 150 கிராமில் 180. தோல் நீக்காத கேழ்வரகு மாவு 60 கிராமில் 210-க்கு மேல். உருவிய முருங்கைக்கீரை 75 கிராமில் 230 சொச்சம். தோலோடு உள்ள எள் 10 கிராமில் 120. சோறு, பருப்பு, காய்கறிக்கு 140 வைத்தாலும் 1200-ஐத் தாண்டுகிறது.

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
மேடம், கணக்கு சரி. ஆனால் அந்தத் தட்டு எந்த வீட்டில் இருக்கிறது? கடலூரில் நடுத்தரக் குடும்பத்துப் பெண் சாப்பிடுவதை அப்படியே கூட்டிப் பாருங்கள். இரண்டு டீக்கான பால் 150 மி.லி. (180 மி.கி.), நீர்மோருக்கு 50 கிராம் தயிர் (60), மூன்று வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அரிசி (30), துவரம்பருப்பு (50), காய்கறி (50). மொத்தம் 370. கேன் தண்ணீர் குடிக்கிற வீடு என்றால் தண்ணீரிலிருந்தும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. ஆர்.ஓ. கருவி அதை வடிகட்டிவிடுகிறது.

75 கிராம் முருங்கை இலை என்றால் உருவின இலையே நாலு கை அளவு. அதையும் தினமும் உருவ வேண்டும். வாரம் ஒரு முறை நடந்தால் பெரிய விஷயம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரை குறையலாம். அந்த வருடங்களில், பழக்கம் மாறட்டும் என்று காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. 500 மி.கி. மாத்திரை ஒன்று அந்தப் பள்ளத்தில் பாதிக்கு மேல் அடைத்துவிடும்.

முதுநகர் மீன்:
நீங்க ரெண்டு பேரும் மீனை மறந்துட்டீங்க. துறைமுகத்துல நெத்திலி, மத்தி, கவலை எல்லாம் வருது. எலும்போட சாப்பிட்டா கால்சியம் தானா வரும்.

லாஸ்பேட்டை டயட்டீஷியன்:
முள்ளும் சேர்ந்து உள்ளே போனால்தான் வரும். வஞ்சிரத்தையோ சங்கராவையோ முள் நீக்கிச் சாப்பிட்டால் கால்சியம் மிகக் குறைவு. நெத்திலியைத் தலை கிள்ளி, குடல் எடுத்து, நடுமுள்ளோடு வறுக்கலாம், குழம்பும் வைக்கலாம். மத்தியைப் புளிக்குழம்பில் குக்கரில் நன்றாக வேகவிட்டால் முள் நசுங்கும் பதத்துக்கு வரும்.

கருவாட்டில் எச்சரிக்கை வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் கூடும். சுமார் 6 கிராம் உப்பு 40 மி.கி. அளவுக்கு இழுத்துக்கொண்டு போகும். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, அன்றைய குழம்பில் தனியாக உப்பே போடாமல் செய்யுங்கள். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
அப்படியே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். தட்டில் இருக்கிற கால்சியம் எல்லாம் உடம்புக்குள் போவதில்லை. பாலில் 30 சதவீதம் உறிஞ்சப்படும். பசலை வகைக் கீரையில் ஆக்சலேட் என்ற உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் 5 சதவீதம் போனாலே அதிகம். பிரண்டைத் துவையல் எலும்புக்கு நல்லது என்று எல்லோரும் பகிர்கிறார்கள். பிரண்டை நறுக்கும்போது கை அரிப்பதே அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால்தான். அந்தக் கால்சியம் எளிதில் கரையாது. துவையல் ருசிக்குச் சாப்பிடலாம், 1200 கணக்கில் சேர்க்காதீர்கள். வெற்றிலையோடு சுண்ணாம்பு போடுவதும் கால்சியத்துக்கு வழியாகாது. கூடவே போகிற பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்.

லாஸ்பேட்டை டயட்டீஷியன்:
ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் என் பட்டியலில் பசலை இல்லை. கேழ்வரகிலும் எள்ளிலும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபைடேட் உண்டு, ஆனால் அதைக் குறைக்க முடியும். கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரையுங்கள். நம் பக்கத்துக் கூழ் போல, முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்தாலும் அதே வேலை நடக்கும். மில்லில் அரைத்து வந்த மாவைச் சலித்துக் கப்பியைக் கொட்டாதீர்கள். கால்சியம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. கடைகளில் வெள்ளையாக, மாவு போல நைசாக வருகிற பாக்கெட்டில் இதைத்தான் இழக்கிறோம். எள்ளை முழுசாகத் தூவினால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும், பொடித்துச் சாப்பிடுங்கள். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் மிகக் குறைவு.

மாத்திரைக்கு வருவோம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்கள். தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும், ஏழு வருடம். இடுப்பு எலும்பின் அடர்த்தி 1 சதவீதம்தான் அதிகம். எலும்பு முறிவு தெளிவாகக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. சாப்பாட்டுக் கால்சியம் நேர்மாறாக, குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிவிடுவதால் கல்லைக் குறைக்கிறது. சாப்பாட்டிலிருந்து எடுக்கச் சொல்ல எனக்கு இதுவே போதுமான காரணம்.

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
அந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்கள் ஆய்வு தொடங்கும்போதே சராசரியாக 1100 மி.கி.க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். நிறைந்த குடத்தில் இன்னும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். நான் பேசுவது 370 எடுக்கிறவரைப் பற்றி.

கல்லும் மலச்சிக்கலும் வர, மாத்திரையைத் தப்பாகப் போடுவதும் ஒரு காரணம். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி." என்றிருந்தால் உள்ளே நிஜக் கால்சியம் 500 மி.கி.தான். 1250 என்று நினைத்து வேறு கணக்கு போட வேண்டாம். ஒரு வேளைக்கு 500-க்கு மேல் உடம்பு சரியாக உறிஞ்சாது, இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் வீண். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. அந்த அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் தினமும் எடுப்பவர்கள் டாக்டரிடம் சிட்ரேட் வகை கேளுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு நான்கு மணி நேர இடைவெளி அவசியம். விடிகாலை 6 மணிக்கு தைராக்சின் என்றால், கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். தைராய்டு அளவு கட்டுப்படவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போகும்போது, காலை டிபனோடு கால்சியம் போடுகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

அரியாங்குப்பம் பிசியோ:
மில்லிகிராமில் மட்டும் நின்றால் எலும்பு நிற்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததால்தான் எலும்பு இழப்பு. கால்சியம் எவ்வளவு போட்டாலும் அதை முழுக்க நிறுத்தாது. எலும்பின் மேல் பாரம் விழ வேண்டும். பீச் ரோட்டில் நிதானமாக நடப்பது இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருங்கள், சுவரைப் பிடித்து 10 தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எலும்புத் தேய்வு என்று ரிப்போர்ட் உள்ளவர் முதுகை வளைத்துக் குனிந்து குடம் தூக்கவே கூடாது. 15 லிட்டர் குடம் 15 கிலோ. அந்தப் பாரத்தில் முதுகெலும்புக் கட்டை நசுங்கலாம். முழங்காலை மடக்கி, குடத்தை வயிற்றோடு ஒட்டித் தூக்க வேண்டும். பாத்ரூம் ஈரத்துக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பும் ஆகாது.

காலை 6 மணி நடையில் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தேவையான கதிர் வரும். நம் ஊரில் அது ஏறக்குறைய 10 மணிக்கு மேல். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பயனில்லை. முகமும் முன்கையும் படும்படி 20 நிமிடம், மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரமே போதும்.

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
வைட்டமின் டி பற்றி ஒன்று சேர்க்கிறேன். 60,000 யூனிட் பாக்கெட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

முதுநகர் மீன்:
ரத்தப் பரிசோதனையில கால்சியம் 9.4, நார்மல்னு வந்தா கவலை இல்லையே?

லாஸ்பேட்டை டயட்டீஷியன்:
அந்த எண் எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சாப்பாட்டில் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் நிரப்பி, அளவை அப்படியே வைத்திருக்கும். இலவச முகாமில் குதிகாலில் கருவி வைத்துப் பார்ப்பதும் முதற்கட்டச் சோதனைதான். முடிவு சொல்வது இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா, அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே. டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு நோய், அதற்கு வேறு மருந்து வேண்டும். கர்ப்பப்பை அறுவை செய்தவர்கள் டிஸ்சார்ஜ் தாளில் சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். இரண்டும் போயிருந்தால், அறுவை நடந்த வயதிலேயே எலும்பு இழப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

மருந்தாளுநர் சாருக்கு: 370 எடுக்கிறவருக்கு ஒரு மாத்திரை என்பதை ஏற்கிறேன். ஆனால் முதலில் மூன்று நாள் சாப்பாட்டை எழுதிக் கூட்டிப் பார்க்காமல் யாருக்கும் அட்டையைக் கிழித்துக் கொடுக்கக் கூடாது.

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
எழுதச் சொல்லலாம். அவர் எழுதிக் கொண்டுவரும் நாள் வரைக்கும் மாத்திரையை நிறுத்திவைக்க நான் தயாரில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கூட்டட்டும், சாப்பாட்டிலேயே 1200-ஐ எட்டினால் டாக்டரிடம் காட்டி அன்றைக்கே நிறுத்தலாம். சிறுநீரகக் கல் ஏற்கெனவே வந்தவர், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவு) கூடியவர் மட்டும் டாக்டரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.