தோட்டா கீழே இறங்க வேண்டுமா, வேண்டாமா?

மடிவாளா மச்சான்: நேற்று ராத்திரி பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) மொட்டைமாடியில் ரூம்மேட்டோடு இதே சண்டைதான். பப்ஜி கேமில் தூரத்தில் ஓடுகிறவனை அடிக்க அவனுக்கு முன்னாலும் கொஞ்சம் மேலேயும் குறி வைக்க வேண்டியிருக்கிறது, கவுன்டர் ஸ்ட்ரைக் கேமில் சுட்ட நொடியே குறி வைத்த பக்கம் பட்டுவிடுகிறது. எது சரி?

பழைய ஏகே: நிஜ ஏகே-47 தோட்டா நொடிக்கு சுமார் 715 மீட்டர் வேகத்தில் கிளம்பும், ஆனால் காற்று தடுப்பதால் 300 மீட்டர் போக அரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியும்விடும். கவுன்டர் ஸ்ட்ரைக் மேப்பில் அவ்வளவு தூரம் எங்கே இருக்கிறது தம்பி? 30 மீட்டருக்கு 0.04 நொடிதான். உன் பிஜி வைஃபையின் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், அதைவிட அதிகம்.

எச்எஸ்ஆர் அக்கா: எனக்குக் கடுப்பு ஷாட்கன்தான். நிஜத்தில் 30 மீட்டரிலும் ஆளைச் சாய்க்கும், பல கேம்களில் நாலு எட்டு தள்ளி நின்றால் வெறும் கொசுக்கடி. ஆனால் நிஜம்போலவே வைத்தால் வீட்டுக்குள் சண்டையில் வேறு துப்பாக்கியை யார் தொடுவார்கள், சொல்லுங்கள்.

மடிவாளா மச்சான்: சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கியால் காலில் சுட்டும் சாகாமல் ஓடுகிறானே, அது எந்த ஊர் பிசிக்ஸ்?