முதல் லென்ஸ்: 50 எம்எம் எஃப்/1.8 வாங்கலாமா, கிட் லென்ஸே போதுமா?

புதுக்கேமரா:
சின்ன சென்சார் இருக்கிற ஏபிஎஸ்-சி கேமரா, அதோட சேர்ந்தே வந்த 16-50 எம்எம் கிட் லென்ஸ் இருக்கு. உட்கார்ந்து பேசுற வீடியோதான் அதிகம். சின்ன ரூம். பின்னாடி மங்கலா தெரியணும்னு ஆசை. 50 எம்எம் எஃப்/1.8 எடுக்கலாமா?

ஒளிப்பித்தன்:
கண்ணை மூடிட்டு எடுங்க. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாத் திறக்கும். கிட் லென்ஸை 50-க்குத் திருப்பினா எஃப்/5.6-தான் கிடைக்கும். 1.8-ல அதைவிட 9 மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ள வரும். வீடியோவுல செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஷட்டரை 1/50 செகண்ட்ல நிறுத்துறதுதான் வழக்கம், அங்க வெளிச்சம் சேர்க்க வழியில்ல. மிச்சம் ஐஎஸ்ஓதான், அதாவது கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுற அளவு. ஏத்த ஏத்த முகமெல்லாம் புள்ளி புள்ளியாயிடும்.

அடிஸ்கேல்:
சின்ன ரூம்னு அவரே சொல்லிட்டாரே, கவனிக்கலையா? ஏபிஎஸ்-சில 50-ங்கிறது பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 75 மாதிரி, அவ்வளவு குறுகலாத் தெரியும். 2 மீட்டர் தள்ளி வச்சாலும் அகலம் ஒரு மீட்டர்கூட விழாது, உயரம் அரை மீட்டர் சொச்சம். கையை ஆட்டிப் பேசினா கை ஃப்ரேமுக்கு வெளிய போயிடும். புதுக்கேமரா, கிட் லென்ஸை 50-ல நிறுத்தி ஒரு முழு வீடியோ எடுங்க. அடுத்தது 35-ல. செலவே இல்லாம விடை தெரிஞ்சிடும்.

ஒளிப்பித்தன்:
சரி, 35 எஃப்/1.8 எடுக்கட்டும். கிட் போதும்னு மட்டும் சொல்லாதீங்க.

அடிஸ்கேல்:
இப்போதைக்குப் போதும்னுதான் சொல்றேன். இருட்டுன்னா முதல்ல லைட் வாங்கணும் ப்ரோ. 1.8-ல கிட்ட வச்சு எடுத்தா கண்ணு ஷார்ப், காது மங்கல். ஒரு பொருளைக் கையில தூக்கிக் காட்டினா ஃபோகஸ் முகத்துக்கும் பொருளுக்கும் நடுவுல அலைபாயும். கடைசில 2.8, 4-னு மூடித்தான் எடுக்கப் போறார்.

ஒளிப்பித்தன்:
1.8-ஐ 4-ஆ மூடலாம், 5.6-ஐ 1.8-ஆ திறக்க முடியுமா? லைட் வெளிச்சம்தான் தரும். பின்னணியை மங்கலாக்காது. அவர் கேட்டதே அதைத்தானே.

நடைவீடியோ:
கையில பிடிச்சு நடந்துகிட்டே எடுக்குற எண்ணம் இருந்தா 35-ம் ஆகாது, கை நீட்டினா முகம்தான் நிறையும். அதுக்கு கிட்டோட 16 முனையே சரி. ஆட்டத்தைக் குறைக்க டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன் போட்டா படத்தோட ஓரத்தை வெட்டும், அப்போ 16-ம் இறுக்கமாத் தெரியும். இன்னொண்ணு, எந்த லென்ஸா இருந்தாலும் ஃபோகஸ் மோட்டார் சத்தத்தைக் கேட்டுட்டு வாங்குங்க. பழைய மாடல்ல கரகரன்னு கேமரா மைக்ல பதிவாகும்.

புதுக்கேமரா:
வச்சுப் பார்த்துட்டேன். நாற்காலிக்கும் ட்ரைபாடுக்கும் நடுவுல 1.6 மீட்டர்தான் கிடைக்குது. 50-ல தலைக்கு மேல இடமே இல்ல. 35-ல நெஞ்சு வரைக்கும் அடக்கமா வருது. ஆனா முதுகுக்குப் பின்னாடி உடனே சுவர்.

ஒளிப்பித்தன்:
அப்போ 35 எஃப்/1.8, யோசிக்கவே வேண்டாம்.

அடிஸ்கேல்:
சுவர் முதுகை ஒட்டியிருந்தா 1.8-லயும் பெருசா மங்காது. கேமராவை ஒரு மூலையில வச்சு, எதிர் மூலை பின்னாடி தெரியுற மாதிரி குறுக்கா உட்காருங்க. தூரமும் கூடும், பின்னணியும் தள்ளிப் போகும். அதுல கிட் லென்ஸோட ஒரு வீடியோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துட்டு லென்ஸைப் பேசலாம்.