கிளட்ச் பெடல் கீழ வரைக்கும் போகுது, கியர் விழல. கிளட்ச் செட்டே மாத்தணுமா?

வால்பாறை_ரோடு:
வணக்கம் நண்பர்களே, வண்டி டீசல் செடான், மேனுவல், ஹைட்ராலிக் கிளட்ச், 90 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. போன வாரம் பொள்ளாச்சில இருந்து வால்பாறை ஏறுனோம், ஆழியார் தாண்டுனதும் 40 கொண்டை ஊசி வளைவு வருமே, அதுல மேல போகப் போக பெடல் லூசாயிட்டே வந்துச்சு. கடைசில முழுசா மிதிச்சாலும் ஃபர்ஸ்ட் கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கர்ர்ருனு கத்துது. ரெண்டு மூணு தடவ டக்கு டக்குனு பெடலை அடிச்சா அப்ப மட்டும் விழுது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா எல்லா கியரும் நல்லாவே விழுது. ஒர்க்‌ஷாப்ல சொன்னதுமே கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்னுட்டாங்க, பானட்டைக் கூட தூக்கிப் பாக்கல. நானா தூக்கிப் பாத்தேன், பிரேக் ஆயில் டப்பால லெவல் கம்மியா இருக்கு, ஆயில் டீ டிகாஷன் கலர்ல இருக்கு. டாப்-அப் பண்ணிட்டு ஓட்டலாமா? குழந்தைங்களோட மலை ஏறுற வண்டி, அதான் கேக்கறேன்.

பட்டறை_கோவை:
செலவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க தம்பி. பிளேட் தேஞ்சா வேற மாதிரி காட்டும்ங்க, மேட்டுல ஆக்சிலரேட்டர் குடுத்தா ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது, கருகுன வாடை வரும். உங்களுக்கு அது இல்லையே, கிளட்ச் முழுசா விடல, அதான் ப்ராப்ளம். பம்ப் பண்ணா சரியாகுதுன்னா முதல்ல ஹைட்ராலிக் லைனைத்தான் சந்தேகப்படணும். ஒண்ணு உள்ள ஏர் இருக்கணும், இல்ல ஒரு சீல் பிரஷரை விடணும்.

பெடலுக்குப் பின்னாடி மாஸ்டர் சிலிண்டர் இருக்கு, நாங்க மேல் சிலிண்டர்னுவோம். நீங்க மிதிச்சா அது ஆயிலைத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கற கீழ் சிலிண்டர் அந்த பிரஷர்ல ஃபோர்க்கைத் தள்ளும், ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டை அமுக்கும். லெவல் இறங்கிருக்குன்னா எங்கயோ கசியுதுன்னு எடுத்துக்கங்க. டிரைவர் பக்கம் டேஷ்போர்டு கீழ தலையை விட்டு, பெடல்ல இருந்து போற ராடு இன்ஜின் பக்கத் தடுப்புச் சுவத்துக்குள்ள நுழையற இடத்துல வெள்ளைத் துணியை விட்டுத் துடைச்சுப் பாருங்க. அப்பறம் கீழ் சிலிண்டர் ரப்பர் பூட்டை லேசாத் தூக்கிப் பாருங்க. சில வண்டில கீழ் சிலிண்டர் வெளிய தெரியாது, பெல் ஹவுசிங்குக்கு (கிளட்ச்சை மூடியிருக்கற கூடு) உள்ள ரிலீஸ் பேரிங்கோட சேந்தே இருக்கும், அது கசிஞ்சா பெல் ஹவுசிங் அடியில சொட்டும். அந்த ஒரு கேஸ்ல மட்டும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், இறக்குறதுன்னா பிளேட்டையும் சேத்து மாத்திடறது புத்திசாலித்தனம்.

வெளிய எங்கயுமே ஈரம் இல்லைன்னா உள் சீல் விடுதான்னு பாக்கணும். சமதரையா, முன்னாடி ஆள் யாரும் இல்லாத இடமாப் பாத்து, இன்ஜின் ஓடிட்டு இருக்கறப்ப ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை அமுக்கியே வெச்சிருங்க, இன்னொரு கால் பிரேக்குக்கு ரெடியா இருக்கட்டும். பெடலை எடுக்காமயே வண்டி மெல்ல நகரப் பாத்துச்சுன்னா மேல் சிலிண்டர் உள்ளுக்குள்ளயே விடுது.

டீசல்_ராகம்:
அண்ணன் சொன்னது சரி. டாப்-அப் பத்தி நான் சொல்றேன் ப்ரோ, இத லேசா எடுத்துக்காதீங்க. நிறைய கார்ல பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச்சுக்குப் போற ஹோஸ் டப்பால கொஞ்சம் மேல இருக்கும், பிரேக்குக்குக் கீழ, கிளட்ச் கசிஞ்சாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்சணும்னு அப்படி வெச்சிருக்காங்க. அதனால கிளட்ச் இப்படிப் பண்ணா அடுத்தது பிரேக்னு நெனச்சு இப்பவே பாக்கணும். பிரேக் பேட் தேஞ்சாலும் லெவல் கொஞ்சம் இறங்கும், அதையும் செக் பண்ணுங்க. கிளட்ச்சுக்குத் தனி டப்பா இருந்தா அங்க கணக்கே தலைகீழ், பிளேட் தேயத் தேய ஆயில் லேசா மேலதான் ஏறும், கீழ இறங்குனா லீக் மட்டும்தான்.

ஊத்துறது என்னன்னு மூடி மேலயே போட்டிருக்கும், அதத்தான் ஊத்தணும். டாட் 4ங்கற பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி சேந்துட்டா அது 155 வரைக்கும் இறங்கலாம். கீழ் சிலிண்டர் கியர்பாக்ஸ் சூட்டுலயே கிடக்கு, மலைல அரை கிளட்ச்லயே ஏத்துனா சூடு இன்னும் ஏறும், பழைய ஆயில்ல ஆவி கெளம்புச்சுன்னா பெடல் பஞ்சாயிரும். உங்களுக்கு வளைவுல மோசமானதுக்கு இதுவும் சேந்திருக்கலாம். ஷெல்ஃப்ல ரொம்ப நாளாத் திறந்து கிடந்த பாட்டிலைத் தொடாதீங்க. டாட் 5 வேணவே வேணாம், அது சிலிக்கான், இதோட சேராது. டாட் 5.1 பேரு கிட்டக்கிட்ட இருக்கும், ஆனா அது வேற, சிலிக்கான் இல்ல. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒரு சொட்டு கூட கலக்கக் கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிப் போயிரும்.

வால்பாறை_ரோடு:
ரொம்ப நன்றிங்கண்ணா, நன்றி ப்ரோ. இன்னைக்குப் பாத்துட்டேன். பெடல் ராடு நுழையற இடத்துல துணில கருப்பா ஈரம் வந்துச்சு, கீழ கார்பெட்டும் பிசுபிசுன்னு இருக்கு. கீழ் சிலிண்டர் வெளியதான் இருக்கு, பூட்டுக்குள்ள காஞ்சிருக்கு, அடியிலயும் எதுவும் சொட்டல. டப்பா ரெண்டுக்கும் ஒண்ணுதான். இப்ப மேல் சிலிண்டருக்கு கிட் (உள்ள இருக்கற ரப்பர் சீல் செட்) மட்டும் போட்டாப் போதுமா, முழுசா மாத்தணுமா? ஏர் நாங்களே எடுக்கலாமா?

பட்டறை_கோவை:
அப்ப வியாதி மேல் சிலிண்டர்தான் தம்பி, பிளேட்டுல கை வைக்க வேணாம். கிட் போடறதைப் பத்தி என் கருத்து என்னன்னா, சிலிண்டர் உள்சுவரு பளபளன்னு கோடு இல்லாம இருந்தா கிட் நிக்கும். கோடோ துருவோ இருந்தா புது ரப்பர் சீலும் சீக்கிரமே அறுந்துரும். ஆயில் அவ்வளவு கருப்பா இருக்கறதால முழு சிலிண்டரையே மாத்திருங்க. கீழ் சிலிண்டர் வெளிய இருக்கறதால அதுக்கும் கையோட கிட் போட்டுருங்க, அங்கயும் அதே வயசு ரப்பர்தான் இருக்கு.

ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும். கீழ் சிலிண்டர் நிப்பிள்ல (ஏர் வெளிய விடுற சின்ன ஸ்க்ரூ) டிரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டி, அதோட முனை பாட்டில்ல ஆயிலுக்குள்ள முங்கி இருக்கணும். ஒருத்தர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் நிப்பிளைத் திறந்து ஆயிலை விட்டு மூடணும், மூடுன அப்பறம்தான் பெடல் மேல வரணும். முதல்ல பெடல் தானா வராது, கையால தூக்கி விடுங்க. குமிழி நின்னு சுத்தமான ஆயில் வர்ற வரைக்கும் இதேதான். டப்பா காலியாக விடாதீங்க, உங்களுக்கு ஒரே டப்பாங்கறதால பிரேக் லைன்லயும் காத்து போயிரும். முடிச்சதும் பிரேக் ஆயிலையும் மாத்திருங்க, அப்பறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துனாப் போதும்.

இன்னொண்ணு, புது சிலிண்டர் போட்டதும் பெடல் ராடுல லேசா ஃப்ரீ ப்ளே (சும்மா ஆடுற இடைவெளி) இருக்கான்னு கையால அசைச்சுப் பாருங்க. கொஞ்சம் கூட இல்லைன்னா பிஸ்டன் முழுசாப் பின்னாடி வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பாம பிரஷர் நின்னுரும், கிளட்ச் அமுங்கியே இருந்து நல்லா இருக்கற பிளேட்டும் கருகிரும். ஆயில் பாடி மேல சிந்துனா உடனே தண்ணி ஊத்திக் கழுவிருங்க, பெயிண்டை உரிச்சுரும். இந்த வேலையெல்லாம் முடியற வரைக்கும் மலைப் பக்கம் வண்டியை எடுக்காதீங்க.