புதுப்பிப்பு: 1911 ரூபாய்க்குத் தலைப்பு மாற்றியாச்சு

வெள்ளி ரூபாயை 'அபூர்வ பழைய நாணயம்' என்று விற்பனைக்குப் போட்டால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, தலைப்பில் என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது 'ஐந்தாம் ஜார்ஜ் 1 ரூபாய் 1911 வெள்ளி பம்பாய் பன்றி ரூபாய்' என்று மாற்றிவிட்டேன். அரசரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிந்ததால் வந்த பட்டப்பெயர் அது, சேகரிப்பவர்கள் அதையும் போட்டுத் தேடுவார்கள். பின்பக்கத்தில் தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தால்தான் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தாவில் அடித்தது, அதனால் தயவுசெய்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எடை, விளிம்புத் தேய்மானம், கீறல் எல்லாம் விவரத்தில் போட்டிருக்கிறேன். 'அபூர்வ' என்பதைத் தூக்கிவிட்டேன், அதைப் போட்டு யார் தேடப்போகிறார்கள்? அப்புறம், விசாரிக்க ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள், முதலில் வந்தவர் புள்ளியைத்தான் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.