பெரிய கம்பெனிக்கு வித்த பிறகும் அது கிராஃப்ட் பீர்தானா?

நுரைப்பித்தன்
போன வாரம் ஐபிஏ (ஹாப்ஸ் பூ நிறைய சேர்த்த கசப்பான பீர்) பத்தின இழையில ஒருத்தர் கேட்டிருந்தார்: "முதலாளி யாரா இருந்தா என்ன, கிளாஸ்ல இருக்கிறது நல்லா இருந்தா போதாதா?" அங்கேயே பதில் போட்டா பேச்சு திசைமாறிடும்னு தனி இழை தொடங்கறேன். கிராஃப்ட் பீர்னா சின்ன, சுதந்திரமான புரூவரி (பீர் ஆலை) காய்ச்சுறது.

எனக்குப் போதாது. சியாட்டில்ல இருக்கிற எலிசியன் புரூவரி கதைய எடுத்துக்குங்க. 'லூசர்'னு ஒரு பேல் ஏல் (ஒரு பீர் வகை) போட்டாங்க. கார்ப்பரேட் பீர் இன்னமும் மட்டம்தான்னு அதோட லேபிள்லயே அச்சடிச்சாங்க. 2015 ஜனவரியில அதே எலிசியனை பட்வைசர் காய்ச்சுற ஏபி இன்பெவ் வாங்கப்போறதா அறிவிப்பு வருது. அடுத்த சில நாள்ல அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்துக்கு நடுவுல பட்வைசர் விளம்பரம். பூசணி-பீச் ஏலை மோந்து மோந்து குடிக்கிறவங்க குடிச்சுக்கட்டும், நாங்க நிஜமான பீர் காய்ச்சுறோம்னு ஒரு கேலி. பூசணியும் பீச்சும் போட்டு ஏல் காய்ச்சினவங்கள்ல எலிசியனும் உண்டு! விற்பனையை எதிர்த்த பங்குதாரர் டிக் கான்ட்வெல் சில மாசத்துல வெளியேறிட்டார்.

கேலி செஞ்சவங்களுக்கும் கேலிக்கு ஆளானவங்களுக்கும் இப்ப ஒரே கல்லா. அந்த பாட்டிலுக்கு நான் குடுக்கிற காசு எந்த விளம்பரத்துக்குப் போகுதுன்னு பாக்காம ருசியை மட்டும் பாருன்னா என்னால முடியாது.

கணக்குப்பிள்ளை
எலிசியன் கதை உண்மை, அந்த விளம்பரம் அசிங்கமானதும்கூட. ஆனால் ஒரு விளம்பரத்தை வைத்து எல்லா விற்பனையையும் துரோகம் என்று சொல்லிவிட முடியாது.

ஜான் ஹால் சிகாகோவில் கூஸ் ஐலண்ட் புரூவரியைத் தொடங்கியது 1988-ல். 2011-ல் 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு ஏபி இன்பெவ்விடம் விற்றார். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர் கடன், கொதிகலன், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் சாகும்வரை சுமக்க வேண்டுமா? அவருடைய உழைப்புக்கு விலை பேச அவருக்கு உரிமை கிடையாதா?

பிறகு நடந்ததையும் பாருங்கள். 2015-ல் அவர்களுடைய போர்பன் கவுண்டி என்ற பீர் வரிசையில் சில வகைகள் பாக்டீரியா புகுந்து புளித்துப்போயின. காரணத்தைக் கண்டுபிடித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வருஷம் முதல் அந்த பீரை பாஸ்டரைஸ் செய்து அனுப்பினார்கள். பின்னால் பெரிய ஆய்வுக்கூடமும் பணமும் இல்லாத புரூவரி என்றால் அந்த ஒரு வருஷத்திலேயே கடையைச் சாத்தியிருக்கும்.

கிராஃப்ட் என்பதற்கு சின்ன புரூவரிகளின் சங்கமான அமெரிக்க புரூவர்ஸ் அசோசியேஷன் சொல்லும் இலக்கணமும் நிலையானது அல்ல. வருஷத்துக்கு 60 லட்சம் பேரலுக்குள் காய்ச்ச வேண்டும், வெளி மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60 லட்சம் பேரல் என்றால் 70 கோடி லிட்டர்! முதலில் வரம்பு 20 லட்சம்தான். சாமுவேல் ஆடம்ஸ் என்ற பீரைக் காய்ச்சும் பாஸ்டன் பீர் கம்பெனி அதை நெருங்கியதும் உயர்த்தினார்கள். 1829-லிருந்து பென்சில்வேனியாவில் ஒரே குடும்பம் நடத்தும் யுங்லிங், மக்காச்சோளம் சேர்க்கிறது என்று பழைய விதிப்படி வெளியே நின்றது. 2014-ல் விதியை மாற்றி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இப்படி வளையும் கோட்டை வைத்துக்கொண்டு யாரைத் துரோகி என்பது?

மால்ட்மூட்டை
பசிபிக் கரையோரம் ஒரு சின்ன புரூவரியில செல்லார் வேலை பாக்கிறேன். டேங்க் கழுவுறது, கெக் (பீர் பீப்பாய்) நிரப்புறது, ஈஸ்ட் எடுத்து மாத்துறதுதான் என் பொழப்பு. உள்ளிருந்து ரெண்டு விஷயம்.

முதல்ல, பெரிய கம்பெனிக்காரங்களுக்கு பீர் காய்ச்சத் தெரியாதுன்னு நம்ம பக்கம் யாராவது சொன்னா நம்பாதீங்க. பட்வைசர் மாதிரி லேசான லாகர்ல தப்பு பண்ணினா ஒளிக்கவே இடமில்ல. நொதிக்கறப்ப உண்டாகுற டயாசிட்டில் கொஞ்சம் மிஞ்சினாலும் தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை மூக்குல ஏறும். எங்க ஐபிஏவுல அதே தப்பு நடந்தா ஹாப்ஸ் வாசனை பாதியை மூடிடும். பத்து ஊர்ல பத்து ஆலை வெச்சு, எல்லா ஆலையிலும் ஒரே ருசி வர வைக்கிறது பெரிய வித்தை. அந்த வேலைக்காரங்க மேல எனக்கு மரியாதை உண்டு.

ரெண்டாவது, சண்டை கிளாஸ்ல இல்ல, பார்ல பீர் ஊத்துற குழாய்ல, அதாவது டேப்புல. அமெரிக்காவுல 1933-ல மதுவிலக்கு முடிஞ்சதும் காய்ச்சுறவர், டிஸ்ட்ரிபியூட்டர், கடைக்காரர்னு மூணு அடுக்கா பிரிச்சாங்க. காய்ச்சுறவரே பாரையும் கையில வெச்சுக்கக்கூடாதுங்கறதுதான் நோக்கம். பல மாநிலத்துல சின்ன புரூவரி நேரா விக்க ஓரளவு அனுமதி உண்டு, ஆனா ஊர் தாண்டினா டிஸ்ட்ரிபியூட்டர் லாரி இல்லாம முடியாது.

நாங்க ரொம்ப நாளா கெக் போட்டுக்கிட்டிருந்த ஒரு பாருக்கு ஒரு திங்கட்கிழமை சரக்கு இறக்கப் போனேன். எங்க டேப்புல வேற கைப்பிடி மாட்டியிருந்துச்சு. எங்க மரக் கைப்பிடியை பார்க்காரர் ஒரு காலி பால் கிரேட்டுல போட்டு வெச்சிருந்தார். பீர் பிடிக்கலையான்னு கேட்டேன். "பீர் நல்லாத்தான் போச்சு. ஐபிஏ, ஸ்டவுட், வீட் பீர் எல்லாமே ஒரே லாரியில, ஒரே பில்லுல தர்றோம்னாங்க"ன்னார். அந்த மூணும் மூணு தனித்தனி சின்ன புரூவரி பேர்ல வந்த பீர். மூணுக்கும் முதலாளி ஒருத்தர். கூஸ் ஐலண்டை வாங்கினதால அந்த பீர் கெட்டுப்போச்சான்னு கேக்காதீங்க. பக்கத்து டேப்புல யார் இல்லாமப் போனாங்கன்னு கேளுங்க.

நுரைப்பித்தன்
மால்ட்மூட்டை அண்ணா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்க கண்ணால பாத்ததைச் சொல்லிட்டீங்க.

கணக்குப்பிள்ளை சார், 2015 கடைசியில ஏபி இன்பெவ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குக் கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டம் ஞாபகம் இருக்கா? விக்கிற சரக்குல 98 சதவீதம் அவங்க பிராண்டா இருந்தா, டிஸ்ட்ரிபியூட்டர் தன் பங்குக்குப் போட வேண்டிய விளம்பரச் செலவுல 75 சதவீதம் வரைக்கும் கம்பெனியே தரும். மிச்சம் 2 சதவீதத்துக்குள்ளதான் ஊர்ல உள்ள அத்தனை சின்ன புரூவரியும் நிக்கணும். எலிசியனும் கூஸ் ஐலண்டும் கைக்கு வந்ததாலதான் இப்படி ஒரு திட்டத்தையே போட முடிஞ்சுது. "எங்ககிட்டயே கிராஃப்ட் இருக்கே, வெளியில எதுக்கு வாங்கற"ன்னு கேக்கலாம் பாருங்க.

கணக்குப்பிள்ளை
ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருஷமே, இன்னொரு பெரிய பீர் கம்பெனியான சாப்மில்லரை ஏபி இன்பெவ் வாங்க அனுமதி கொடுத்தபோது அமெரிக்க நீதித்துறை அந்த மாதிரி ஊக்கத்தொகைக்குக் கட்டுப்பாடு விதித்ததும் ஞாபகம் இருக்கிறது. தவறு நடந்தது, சட்டம் தலையிட்டது. அதற்காக, புரூவரியை விற்கவே கூடாது என்பது எந்த நியாயம்?

பெரிய கம்பெனி கை வைத்தால் எல்லாம் முடிந்தது என்ற பயமும் மிகை. 1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க நூறு புரூவரிகூட இல்லை. இன்று 9,000-க்கு மேல். இத்தனை கைப்பற்றல்களுக்கு நடுவில்தான் இந்த வளர்ச்சி. சான் டியேகோவின் பாலஸ்ட் பாயிண்ட் புரூவரியை 2015-ல் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மதுக் கம்பெனி 100 கோடி டாலருக்கு வாங்கியது. நாலே வருஷத்தில், இல்லினாயில் பலரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு குட்டி புரூவரிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. 2023-ல் ஏபி இன்பெவ்வும் 10 பேரல், ரெட்ஹுக், விட்மர் உட்பட எட்டு பிராண்டுகளை டில்ரே என்ற கம்பெனியிடம் தள்ளிவிட்டது. மலைப்பாம்பு விழுங்கியதைச் செரிக்க முடியாமல் கக்குகிறது. இதைப் பார்த்தா நடுங்குகிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்ட பெல்ஜிய கோதுமை பீரைச் சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் மேஜைக்குக் கொண்டுபோனது கூர்ஸ் கம்பெனியின் ப்ளூ மூன். அதைக் குடித்துப் பழகிய பிறகு சின்ன புரூவரி வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்!

பொட்ரெரோமேடு
பாம்பு கக்கிச்சுன்னு சொல்றீங்க. கக்கினதுல எத்தனை உயிரோட இருக்குன்னும் சொல்லணும் சார்.

நான் இருக்கிறது சான் ஃபிரான்சிஸ்கோ. ஆங்கர் புரூயிங் இருந்த மேட்டுத் தெருவுல அப்பல்லாம் நடக்கறப்ப வேகவெச்ச மால்ட் (முளைகட்டின பார்லி) வாசனை அடிக்கும். 1965-ல மூடப்போன அந்த ஆலையோட பெரும்பங்கை ஃபிரிட்ஸ் மேடாக் சில ஆயிரம் டாலருக்கு வாங்கினார். 1975-ல கேஸ்கேட்ங்கற ஹாப்ஸ் வகையை வாரிப்போட்டு லிபர்ட்டி ஏல் காய்ச்சினார். இன்னைக்கு உலகம் பூரா அமெரிக்க ஐபிஏன்னு குடிக்கிறதுக்கு முன்னோடி அதுன்னு பலர் சொல்வாங்க. ஆங்கரோட ஸ்டீம் பீரை அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில நொதிக்க விடுவாங்க. குளிர்ல வேலை செய்யற லாகர் ஈஸ்ட்டை இந்த ஊரோட மிதமான சூட்டுல வேலை வாங்குற முறை அது. கண்ணாடி ஜன்னல் வழியா பாத்தா பால் பொங்குற மாதிரி நுரை பரவிக் கிடக்கும்.

2017-ல ஜப்பானோட சப்போரோ பீர் கம்பெனி வாங்கினாங்க. 2021-ல கையால வரைஞ்ச பழைய லேபிளைத் தூக்கிட்டு, சூப்பர் மார்க்கெட் அலமாரியில பளிச்சுனு தெரியணும்னு புதுசு ஒட்டினாங்க. 2023 ஜூலையில மூடறதா அறிவிச்சாங்க. வேலையாட்களுக்கு அங்க 2019-லயே யூனியன் இருந்துச்சு. ஆலையை நாங்களே சேர்ந்து வாங்கி நடத்தறோம்னு அவங்க கேட்டும் நடக்கல. 2024-ல சோபானி தயிர்க் கம்பெனி முதலாளி ஹம்டி உலுகாயா வாங்கினார்.

1896-லிருந்து வந்த ஒரு ஆலை, ரெண்டு உலகப்போரையும் மதுவிலக்கையும் தாண்டினது, பெரிய கம்பெனி கையில ஆறு வருஷம் தாங்கல. 9,000 புரூவரி இருக்குன்னு நீங்க எண்ணிக்கை காட்டுறப்ப இந்த ஒண்ணை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

கணக்குப்பிள்ளை
வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் மேடாக்கே 2010-ல் விற்றுவிட்டார், சப்போரோவிடம் அல்ல, வேறு இருவரிடம். கோவிட் காலத்தில் நகரத்து உணவகங்கள் மூடிக் கிடந்தது சப்போரோவின் குற்றமா? 2024-ல் அமெரிக்காவில் திறந்த புரூவரிகளைவிட மூடியவைதான் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை யாரிடமும் விற்கப்படாத, நீங்கள் கொண்டாடும் அதே சுதந்திரமான புரூவரிகள்.

இந்திராநகர்வாசி
பெங்களூரிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊர் டேப்பில் இந்தச் சண்டை இன்னும் வரவில்லை. 2010-ல் டாய்ட் என்ற பப் திறந்த காலத்திலிருந்து இங்கே மைக்ரோபுரூவரி என்றால் காய்ச்சிய இடத்திலேயே விற்பதுதான். டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, லாரியும் இல்லை. அதனால் இந்திராநகரில் ஒரு நல்ல கோதுமை பீர் இருந்தால் அது இந்திராநகரோடு சரி, கடை ஃப்ரிட்ஜுக்கு வராது. அங்கே கிங்ஃபிஷர் உட்கார்ந்திருக்கிறது. அதன் கம்பெனி 2021-லிருந்து ஹைனெகன் கட்டுப்பாட்டில். நுரைப்பித்தன் கேட்கும் சுதந்திரம் எங்களுக்குச் சட்டமே கொடுத்துவிட்டது, ஆனால் நாலு சுவருக்குள் மட்டும். எனக்கு இதுவும் நிறைவாக இல்லை. லாரியில் ஏற வழி வேண்டும்.

நுரைப்பித்தன்
கணக்குப்பிள்ளை சார், விக்கக்கூடாதுன்னு நான் சட்டம் கேக்கல. வித்தா வித்ததை பாட்டில்ல எழுதுங்கறேன். நீங்க புகழ்ந்த ப்ளூ மூன் பாட்டில்ல அதைக் காய்ச்சின மில்லர்கூர்ஸ் (கூர்ஸோட கூட்டுக் கம்பெனி) பேரே இல்லன்னு 2015-ல சான் டியேகோ ஆள் ஒருத்தர் வழக்கே போட்டார். கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. சட்டப்படி சரியா இருக்கலாம், வாங்கறவனுக்கு அது நேர்மை இல்ல. 2017-ல புரூவர்ஸ் அசோசியேஷன் தலைகீழ் பாட்டில் படம் போட்ட முத்திரை கொண்டுவந்தது இதனாலதான். ஆனா சுதந்திரமா இருக்கிறவன் முத்திரை குத்திக்கிட்டு நிக்கணும், ஒளிச்சு விக்கிறவன் சும்மா போகலாங்கறது என்ன முறை?

கணக்குப்பிள்ளை
முதலாளி பெயரை லேபிளில் போட வேண்டும் என்பதற்கு நான் முழு ஆதரவு. தெரிந்துகொண்டு வாங்குவதும் தெரிந்துகொண்டு மறுப்பதும் வாங்குபவர் உரிமை. ஆனால் பெயரைப் பார்த்த பிறகும் பெரும்பாலானவர்கள் அதே பீரைத்தான் கேட்பார்கள். அப்போது என்ன சொல்வீர்கள்?

மால்ட்மூட்டை
கேக்கட்டும் சார், எனக்கு ஆட்சேபணை இல்ல. எங்க பீரும் அவங்க பீரும் பக்கத்துப் பக்கத்து டேப்புல இருந்து, குடிக்கிறவர் அவங்களைக் கேட்டா அது எங்க தோல்வி, நாங்க இன்னும் நல்லா காய்ச்சுவோம். லேபிள்ல பேர் போட்டாலும் கெக்ல வர்ற பீருக்கு லேபிள் ஏது? டேப் கைப்பிடியைத்தான் மக்கள் பாக்கிறாங்க. அதனால நான் கேக்கிறது ரெண்டு: கைப்பிடியிலயும் மெனுவிலயும் முதலாளி பேர், அப்புறம் ஒரு பார்ல ஒரே முதலாளி எத்தனை டேப் எடுக்கலாம்னு ஒரு வரம்பு. முதலாவதுக்கு நீங்க சரின்னுட்டீங்க. ரெண்டாவதுக்கு என்ன சொல்றீங்க?