அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆரம்ப நிலை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம், இல்லையென்றால் மார்பு முழுவதையும் எடுக்கலாம், ஆயுளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்றார் டாக்டர். "முழுசா எடுத்துருங்க" என்று அண்ணன் அங்கேயே சொல்லிவிட்டான். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள்.

கேட்டால், "டாக்டர் சொல்லுதபடி செய்யுங்க" என்கிறாள். அப்புறம் ராத்திரி என்னிடம் மட்டும், "கரண்டு வைக்க தினமும் திருநெல்வேலிக்குப் போவணுமோ? எத்தன நாளைக்கு?" என்றாள். கதிர்வீச்சைத்தான் கரண்டு என்கிறாள்.

1992இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், புதிதாகப் புற்றுநோய் கண்டவர்களில் 59 சதவீதம் பேர் முடிவை மருத்துவரிடமே விட விரும்பினார்கள். பொதுமக்களிலோ 64 சதவீதம் பேர், தங்களுக்கு வந்தால் தாங்களே முடிவெடுப்போம் என்றார்கள். அதனால் அம்மா மனசார விட்டிருக்கலாம். சரி, டாக்டரிடம் விடுவது வேறு, மகனிடம் விடுவது வேறு இல்லையா?

உங்கள் வீட்டில் இதை எப்படிப் பேசினீர்கள்? அம்மாவிடம் தனியாகப் பேசும்படி டாக்டரைக் கேட்டால் தப்பாக நினைப்பாரா? அம்பாசமுத்திரம் பக்கமிருந்து தினமும் கதிர்வீச்சுக்குப் போய்வந்த அக்கா யாராவது அம்மாவோடு ஒரு பத்து நிமிஷம் போனில் பேசுவீர்களா? அடுத்த வியாழன் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.