முதல் 100 மீட்டரில் கைவிட்டுப் போன படகு ரேஸ்: கண்டதை எழுதுங்கள்

ரிகர்_பெட்டி எழுதியது:

யூனிவர்சிட்டி ஃபோர்ஸ் (நான்கு பேர் படகு) ஹீட், கொழும்பு பேர வாவி, கிழக்குப் பக்கம். எந்த அணி என்பது தேவையில்லை. ஸ்டார்ட் சுத்தமாக வந்து அரை நீளம் முன்னால் போய்விட்டார்கள். எட்டாவது ஸ்ட்ரோக்கில் மூன்றாம் சீட்டின் கேட், அதாவது துடுப்பைத் தாங்கும் ஸ்விவலின் வாயைப் பூட்டும் பார், திறந்தது. கரையில் நின்றவர்களுக்கே தெரிந்தது: கேட் பார் நிமிர்ந்து நிற்கிறது, துடுப்பின் கொலர் (தண்டைச் சுற்றிய வளையம்) ஸ்விவலுக்கு வெளியே கிடக்கிறது, பொடியன் பிடியை இரண்டு கையாலும் மடியோடு அமத்திக்கொண்டிருக்கிறான். படகு அந்தப் பக்கம் சாய, மற்ற மூன்று பேரின் பிளேடும் தாறுமாறாகப் போனது. பக்கத்து லேன்காரர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

கேட் பாரைப் பூட்டும் அந்த நட் ஜெட்டியில் இறுக்கப்பட்ட நட். அதுதான் மனதை விட்டுப் போகுதில்லை. பார் தன் பள்ளத்தில் முழுசாக உட்காரமுதல் நட்டைத் திருகினால், நட் பாரின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். விரலுக்கு நல்ல இறுக்கமாகத்தான் தெரியும். வார்ம்-அப்பில் அதிர அதிர பார் பள்ளத்துக்குள் இறங்கும், நட்டுக்கும் பாருக்கும் நடுவில் இடைவெளி விழும். பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றும். மிச்சத்தை ஸ்டார்ட்டின் பலம் செய்யும்.

பாரை அமத்தி உட்கார வைத்து, நட்டை விரலால் முடியுமட்டும் திருகி, பிறகு பெருவிரலால் பாரைக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் கழற்றித் திரும்பப் போட வேண்டும். ஸ்பானர் போடாதீர்கள், பிளாஸ்டிக் ஸ்விவலில் மரை தேய்ந்துவிடும். வார்ம்-அப் முடிந்து ஸ்டார்ட்டுக்குத் திரும்பமுதல் கொக்ஸ் (சுக்கான் பிடித்துக் கட்டளை கொடுப்பவர்) போ சீட்டிலிருந்து (படகின் முனையிலுள்ள முதல் சீட்) எண்ணச் சொல்லும்போது ஒவ்வொருவரும் இதைத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜெட்டியில் பார்த்தது கணக்கில்லை.

போசைட்_மச்சான் எழுதியது:

அந்த ரேஸ் நானும் பார்த்தனான். கேட் தானாத் திறந்ததெண்டு சொல்றது சரியில்லை மச்சான். ஏழாவது ஸ்ட்ரோக்கிலயே அவன்ர பிளேட் முழுசா நிமிராம, செங்குத்தா நிக்காமத்தான் தண்ணிக்குள்ள போனது. மேல் விளிம்பு படகின்ர முனைப் பக்கம் சரிஞ்சிருந்தது. அப்பிடிப் போற பிளேட் கீழ நோக்கி இறங்கும், எவ்வளவு பலமா இழுக்கிறீங்களோ அவ்வளவு ஆழத்துக்குப் போகும். எடுக்கிற நேரம் அது ஆழத்தில, படகு முன்னுக்கு ஓடுது, தண்ணி பிளேடின்ர பின்பக்கத்தைப் பிடிச்சுத் தள்ளுது. கிராப் எண்டா அதுதான். பிடி நெஞ்சுக்கு வரும், துடுப்பின்ர தண்டு நெம்புகோல் மாதிரி ஸ்விவலுக்குள்ள முறுக்கும். தளர்ந்த நட் எண்டா அந்த முறுக்கலில பார் எழும்பும். நட் தளர்ந்திருந்தது உண்மையா இருக்கலாம், ஆனா அதைத் திறந்தது கிராப்.

அந்தப் பிளேட் ஏன் நிமிரேல்ல? ஸ்டார்ட்டில நிமிசத்துக்கு 42, 44 ஸ்ட்ரோக் அடிக்கிறாங்கள். அடுத்த ஸ்ட்ரோக்குக்குச் சீட்டில முன்னுக்கு வாற நேரம் குறைஞ்சுபோச்சு, ஆனா பிளேடை நிமிர்த்திற இடத்தை ஆரும் மாத்திறேல்ல. முழங்காலுக்கு மேல கை போகேக்கயே நிமிர்த்தத் தொடங்கோணும். கணுக்காலுக்கு வந்தாப் பிறகு தொடங்கினா 30இல சரி வரும், 44இல சரி வராது. நிமிர்த்திறது உள்பக்கக் கையாலதான் (ஸ்விவலுக்குக் கிட்ட இருக்கிற கை). வெளிப்பக்கக் கை பிடியைச் சும்மா கொழுவி வச்சிருந்தாப் போதும். ஸ்டார்ட்டில பயந்து ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கிறவனுக்குத்தான் முதல் கிராப் வரும்.

வந்திட்டா என்ன செய்யிறது எண்டதையும் எழுதுறன். சின்னதெண்டா பிடியைக் கீழ அமத்தி எடுக்கலாம். பிடி நெஞ்சைத் தாண்டிட்டுதெண்டா அதோட மல்லுக்கட்டக் கூடாது. எட்டுப்பேர் படகு 2000 மீட்டரை 6 நிமிசத்தில ஓடினா செக்கனுக்கு ஐஞ்சரை மீட்டர். அந்த வேகத்தைக் கையால நிப்பாட்டேலாது. பின்னால மல்லாந்து படுத்து, பிடியைத் தலைக்கு மேலால போக விடோணும். கொக்ஸ் 'ஈஸி ஓர்' (இழுக்கிறதை நிப்பாட்டு) சொல்லி வேகம் குறைஞ்ச உடன பிடியை முன்னுக்குக் கொண்டுவந்து, பிளேடை நிமிர்த்தி, அடுத்த கட்டளைக்குச் சேரலாம். நல்ல கொக்ஸ் எண்டா ரெண்டு நீளத்துக்குள்ள படகு திரும்ப ஓடும். கொக்ஸ் ஒண்டும் சொல்லாம மற்ற ஆக்கள் இழுத்துக்கொண்டே இருந்தா விலா எலும்பு போகும்.

கொக்ஸ்_தங்கச்சி எழுதியது:

நான் சொல்லப்போவது ஸ்டார்ட் தொடங்குவதற்கும் முதல் தோற்ற ரேஸ். பெண்கள் ஃபோர்ஸ், ஜூன் மாதம், தென்மேற்குக் காற்று கொம்பனித்தெருப் பக்கமிருந்து குறுக்கே அடிக்கிறது. சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள் என்பதால் காற்று சீராக வராது. விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு பலத்தோடு வரும். படகின் முனை ஸ்ட்ரோக் சைட் (இரண்டாம், நான்காம் சீட்டின் துடுப்புகள் இருக்கும் பக்கம்) பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது. நேராக்க இரண்டாம் சீட் ஒரு சின்ன ஸ்ட்ரோக் போடுகிறார், முனை நேராகிறது, ஆனால் படகு கோட்டைத் தாண்டுகிறது. ஸ்டார்ட்டர் பின்னுக்கு வரச் சொல்கிறார். பின்னுக்கு வந்தால் காற்று மறுபடி திருப்புகிறது. முனை கரையைப் பார்த்தபடி இருக்கும்போதே 'அட்டென்ஷன்' (ஸ்டார்ட்டுக்கு முந்திய கட்டளை) விழுந்தது. 'இன்னும் தயாரில்லை' என்று கொக்ஸின் கை மேலேதான் இருந்தது. அட்டென்ஷன் விழுந்த பிறகு அந்தக் கையை யாரும் பார்ப்பதில்லை.

அதே காற்றில் பக்கத்து லேன் நேராக நின்றது. அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். இரண்டாம் சீட் தன் துடுப்பின் பிடியை மூன்றாம் சீட்டிடம் நீட்டிவிட்டார். மூன்றாம் சீட் அதை ஸ்டர்ன் (படகின் பின்முனை) பக்கமிருந்து இழுக்கும்போது பிளேட் படகோடு ஒட்டினாற்போல முன்பக்கம் நீண்டு கிடக்கும். அந்தக் கோணத்தில் இழுத்தால் தண்ணீர் முன்னுக்குத் தள்ளாது, முனையைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளும். கோட்டைத் தாண்டாமல் முனை காற்றுக்கு எதிராக வந்துவிடும். காற்று மறுபக்கமிருந்து என்றால் போ சீட்டின் துடுப்பை இரண்டாம் சீட் எடுக்க வேண்டும். 'அட்டென்ஷன்' வரும்வரை பிடியை விடக் கூடாது, வந்ததும் திருப்பிக் கொடுக்க ஒரு செக்கன் போதும், ஆனால் அந்த ஒரு செக்கனுக்குப் பயிற்சி வேண்டும். காற்று வரும் பக்கத்துக்கு முனையைக் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பி வையுங்கள். கொடி விழும்போது காற்றே அதை நேராக்கித் தரும்.

இது பலருக்குத் தெரியும், ஆனால் அமைதியான காலைத் தண்ணீரில் ஒருவரும் பழகுவதில்லை. பின்னேரம் காற்று எழும்பும் நேரத்தில்தான் பழக வேண்டும்.

வாவிக்கரை எழுதியது:

பொலித்தீன். எட்டுப்பேர் படகு, ஃபைனல், நடுக் கோர்ஸில் நீளம் நீளமாகப் பின்தங்கியது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஜெட்டியில் தூக்கியபோது படகின் அடியில் இருக்கும் ஃபின்னில் ஒரு முழுச் சாமான் பை சுற்றியிருந்தது. ரேஸுக்கு முதல் ஸ்டார்ட்டில் ஏழெட்டு ஸ்ட்ரோக் பின்னுக்கு அடித்தால் ஃபின்னில் கொழுவியது கழன்று போகும். சல்வீனியா நீர்க்களையும் அப்படித்தான் போகும். சுக்கான் கயிறு திடீரென்று கனத்தால் கொக்ஸ் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

கேம்_கரையிலிருந்து எழுதியது:

இது கேம்பிரிட்ஜ், ஆனால் தலைப்புக்குப் பொருந்தும். அங்கே கல்லூரிகளுக்கிடையிலான பம்ப்ஸ் ரேஸ் ஃபெப்ரவரி–மார்ச்சில் லெண்ட்ஸ் என்றும், ஜூன் மாதத்தில் மேய்ஸ் என்றும் நடக்கும். கேம் ஆறு ஒடுக்கம், பக்கத்தில் பக்கத்தில் ஓட இடமில்லை. அதனால் எட்டுப்பேர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் ஏறத்தாழ ஒன்றரைப் படகு நீளம் விட்டு நிற்கும். எல்லாம் ஒரே வெடியில் கிளம்பும். முன்னால் போகும் படகை முட்டினால் அடுத்த நாள் அதன் இடம் உங்களுக்கு. நான்கு நாள் ஓட்டம்.

கரையிலிருந்து ஒரு சங்கிலி வரும், அதன் முனையைக் கொக்ஸ் பிடித்துக்கொண்டிருப்பார். நான்கு நிமிடத்துக்கு முதல் ஒரு வெடி, ஒரு நிமிடத்துக்கு முதல் ஒன்று, பிறகு ஸ்டார்ட். கடைசி நிமிடத்தில் கரையில் நிற்பவர் நீண்ட கம்பால் படகை ஆற்றுக்குள் தள்ளி, வெடிக்கும் நேரத்துக்குச் சங்கிலி விறைத்து நிற்கும்படி வைப்பார். முந்தித் தள்ளினால் ஸ்டர்ன் சங்கிலியில் இழுபட்டு முனை திரும்பும். பிந்தித் தள்ளினால் முதல் ஸ்ட்ரோக்கிலேயே கரையோரப் பிளேடுகள் மண்ணில் குத்தும்.

கண்ணுக்குள் நிற்பது அந்தச் சங்கிலிதான். கொக்ஸ் அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். வெடித்தது, எட்டுப் பேரும் இழுத்தார்கள், சங்கிலி கையை விட்டுப் போகாமல் சுக்கான் கயிற்றோடு சிக்கியது. முட்டுவதற்குப் பின்னால் வந்த படகுக்கு பத்து ஸ்ட்ரோக் கூடத் தேவைப்படவில்லை. சங்கிலி முனையை உள்ளங்கையில் மட்டும் வைத்து, கையைப் படகுக்கு வெளியே நீட்டி, வெடிச்சத்தத்தோடு விரலை விரிக்க வேண்டும். வேறொன்றும் இல்லை.

கொக்ஸ்_தங்கச்சி சொன்ன காற்றுப் பிரச்சினை அங்கே இன்னும் மோசம் அக்கா. சங்கிலி ஸ்டர்னைப் பிடித்திருப்பதால் முனை மட்டும் ஆடும், திரும்ப அடுக்க நேரமும் இல்லை.

கொக்ஸ்_தங்கச்சி எழுதியது:

சங்கிலி பிடித்திருப்பதால் படகு முன்னுக்குப் போகாதே தம்பி. அப்போது போ சீட் தயக்கமில்லாமல் ஸ்ட்ரோக் போடலாம். எங்களுக்கு இல்லாத வசதி அது.

மருந்துப்பை எழுதியது:

ஸ்டார்ட், கேட் எல்லாம் பிறகு. ஃபைனலுக்கு ஒரு கிழமை இருக்க ஒரு அணியின் ஸ்ட்ரோக் (தாளம் கொடுக்கும் சீட்டில் இருப்பவர்) ஆஸ்பத்திரியில் படுத்தார். எலிக்காய்ச்சல். மாற்று ஆளைப் போட்டு ஓடினார்கள், முதல் நூறு மீட்டரிலேயே தாளம் இல்லை. இங்கே யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பேர வாவியில் ஓடுகிற ஒவ்வொரு அணிக்கும் இது தேவை.

தண்ணீர் பச்சையாக இருப்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அது நீலப்பச்சைப் பாசி. படகுக்கும் தோலுக்கும் கூடாது, விழுங்கக் கூடாது. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது. எலியின் சிறுநீர் மழையோடு வாய்க்கால் வழியாக வாவிக்கு வரும். கிருமி உள்ளே போகும் ஒரு வழி உடைந்த தோல். சீசன் தொடக்கத்தில் யாருடைய உள்ளங்கை உடையாமல் இருக்கிறது?

கொப்பளத்தை உரிக்காதீர்கள். பெருத்து வலித்தால் சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் ஒரு துளை, நீர் வெளியேறட்டும், மேல்தோல் அப்படியே கிடக்கட்டும். படகில் ஏறமுதல் ஸிங்க் ஒக்சைட் டேப் சுற்றுங்கள், விரல் மடியும் இடத்தில் அல்ல, மூட்டுக்களுக்கு நடுவில். இறங்கினதும் படகைக் கழுவுமுதல் கையைக் குழாய்த் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். துடுப்பின் பிடிகளையும் பிளீச் கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள், ஒரே பிடியை இரண்டு அணி பிடிக்கிறது. பெருமழைக்கு அடுத்த நாள் காலையில் திறந்த காயத்தோடு வாவியில் இறங்க வேண்டாம், எர்க் (கரையிலுள்ள துடுப்பு இயந்திரம்) செய்யுங்கள்.

காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காட்டும். கெண்டைக்காலில் தசை வலி, கண் சிவப்பு, தலைவலி. ரேஸிங் சீசனில் கால் வலி எல்லாருக்கும் இருக்கும் என்பதால்தான் இது பிந்திப் பிடிபடுகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் டொக்டரிடம் 'நான் பேர வாவியில் படகு ஓட்டுகிறேன்' என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே எடுக்கும் டொக்ஸிசைக்ளின் பற்றியும் அவரிடமே கேளுங்கள், நண்பனின் மீதி மாத்திரையைப் போடாதீர்கள். சிறுநீரகத்தைத் தாக்கும் வியாதி இது.

அளவுநாடா எழுதியது:

போசைட்_மச்சான் சொன்ன நிமிராத பிளேடுக்கு இன்னொரு காரணம் இருக்கு: படகு அவங்கட இல்லை. ஆறு மாசம் ஒரு படகில பழகி, ரேஸ் அன்று வேற கிளப்பின் படகில ஏறுறாங்கள். மெட்ராஸ்–கொழும்பு ரெகாட்டா (படகோட்டப் போட்டி) 1898இல தொடங்கினது. ஆண்களுக்குத் தீபம் கிண்ணம், பெண்களுக்கு அடையாறு கிண்ணம். அங்க ஓடுற, அந்த அளவு அனுபவமுள்ள ஆக்கள் பழக்கமில்லாத படகை எடுத்தா முதல் வேலை என்னெண்டு பாருங்கோ. தண்ணிக்குக் கொண்டுபோக மாட்டாங்கள். ட்ரெசிலில (படகுத் தாங்கியில) வச்சு, நாடா போட்டு அளப்பாங்கள்.

சீட்டிலிருந்து ஸ்விவலின் அடித்தட்டு வரைக்கும் 16 முதல் 18 சென்றிமீட்டர். ஸ்வீப் படகில (ஆளுக்கு ஒரு துடுப்பு) நடுக்கோட்டிலிருந்து பின் (ஸ்விவல் சுழலுற அச்சு) வரைக்கும் 84, 85 சென்றிமீட்டர். பிட்ச், அதாவது இழுக்கேக்க பிளேட் செங்குத்திலிருந்து சரிஞ்சு நிக்கிற அளவு, 4 பாகை. பிட்ச் 4க்குப் பதிலா 1இல நின்றா, நல்லா நிமிர்த்தின பிளேடும் ஆழத்துக்குப் போகும். அது பொடியனின் பிழையில்லை. உயரத்தை மாற்ற ஸ்பானர் தேவையில்லை, பின்னில இருக்கிற பிளாஸ்டிக் வொஷரை மேலிருந்து கீழ மாற்றினால் சரி. கடைசியா ஸ்விவல் ஸ்டர்ன் பக்கம் பார்த்து நிக்குதா எண்டு பாருங்கோ. திருப்பிப் போட்டிருந்தா துடுப்பு பின்னின் பிழையான பக்கத்தில கிடக்கும், பிட்ச் கணக்கே மாறிப்போகும்.

ரிகர்_பெட்டி எழுதியது:

போசைட்_மச்சான், ஏழாவது ஸ்ட்ரோக்கில் பிளேட் சரிந்ததை ஏற்கிறேன். ஆனால் கேட் சரியாகப் பூட்டியிருந்த படகில் எத்தனை கிராப் வந்தாலும் துடுப்பு ஸ்விவலுக்குள்ளேதான் இருக்கும். கிராப்போடு மூன்று நீளம் இழப்பீர்கள், திரும்ப ஓடலாம். துடுப்பு வெளியே வந்தால் ஓட ஒன்றுமில்லை. அதனால் எனக்குக் கேட்தான் முதல்.

அளவுநாடா சொன்னதை அந்தப் படகில் பார்த்தோம். மூன்றாம் சீட்டின் பிட்ச் 2 பாகை, மற்ற மூன்றும் 4. பேக்ஸ்டே (ஸ்விவலின் அச்சைத் தாங்கும் கம்பி) நட் தளர்ந்து அந்த அச்சு சரிந்திருந்தது. இரண்டு ஸ்பானர், 10உம் 13உம், ஒரு உபரி கேட் நட், சின்ன இன்சுலேஷன் டேப் சுருள்: இவ்வளவும் ஒரு ஸிப் பையில் போட்டு கொக்ஸின் சீட்டுக்குக் கீழே கட்டிவிடுங்கள். ரேஸ் நாள் காலையில் ரிகரின் (ஸ்விவலைத் தாங்கும் சட்டம்) ஒவ்வொரு நட்டையும் அதே ஆள், அதே ஒழுங்கில், போ சீட்டிலிருந்து ஸ்ட்ரோக் வரை இறுக்கட்டும். இரண்டு பேர் பாதி பாதியாகச் செய்தால் நடுவில் ஒன்று விடுபடும். இங்கே விடுபட்டதும் மூன்றாம் சீட்தான்.